எட்டுப் போட்டவன் மலை இறங்குவானா?

பதினெட்டு வயது நிரம்பிய ஒருவருக்கு அரசு வழங்கும் பத்திரங்கள் பல. தேசிய அடையாள அட்டை அவர் இன்னார் என்கிறது. வாக்காளர் இடாப்பு, ஆள்வோரைத் தெரிவுசெய்யத் தக்கவர் என்கிறது. இவற்றிடையே ஒரேயொரு பத்திரம் மட்டும் 'இவருக்கு இன்னும் தெரியாது' என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதுவே பயிலுநர் சாரதி அனுமதிப்பத்திரம். தன் அறியாமையை ஊரறிய அறிவித்துக்கொண்டே வீதியில் இறங்கும் உரிமையை அது ஒருவருக்கு அளிக்கிறது. வெள்ளைத் தகட்டிற் சிவப்பாகப் பொறித்த 'எல்' என்னும் எழுத்து அவ்வறிவித்தலின் சின்னம். அதனைக் கண்ட ஏனையோர் சற்று விலகி, சற்றுப் பொறுத்துச் செல்ல வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இவ்வேற்பாட்டின் உட்கிடை ஓர் ஒப்பந்தமாகும். பயில வருபவர் கற்றுக்கொள்ள உடன்படுகிறார். கற்பதற்கு வேண்டிய வழிவகை இருக்கும் என அரசு உடன்படுகிறது. மலைநாட்டில் இவ்வொப்பந்தத்தின் இரண்டாம் பாதி எழுதப்படவேயில்லை. முதற்பாதியை மலைநாட்டவருட் பலரும் பொருட்படுத்துவதில்லை. அனுமதிப்பத்திரம் வெறும் காகிதம் என்ற கருத்தில் அலுவலகமும் இளைஞனும் ஒன்றுபட்டு நிற்கின்றனர். ஒருவரையொருவர் குறைகூறும் இரு சாராரும் ஒரே கருத்தினர் என்பது விசித்திரமே. ஆயினும் அவ்வொற்றுமையின் விலையைக் கொடுப்பவன் இளைஞன் ஒருவனே.

பட்டிப்பொலவை எடுத்துக்கொள்க. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது அதுவே. கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேற்பட்டது. அங்கிருந்து ஒஹியவை நோக்கிச் செல்லும் தண்டவாளம் சுரங்கமொன்றினுள் நுழைந்து மறுபுறம் வெளிப்படுகையில், இப்புறத்து மூடுபனி அகன்று ஊவாவின் வெயில் எதிர்ப்படுவதைப் பயணிகள் வியந்து பேசுவர். ஹோட்டன் சமவெளிக்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் விடியுமுன்னரே வான்களில் அவ்வூரைக் கடந்து போகின்றனர். அவர்களுக்கு அது ஒரு காட்சி. அவ்வூரிலும், அம்பேவலை, நானுஓயா வரை பரந்த மரக்கறி நிலங்களிலும் பண்ணைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வாழ்வோருக்கு அது தூரம் என்னும் ஒற்றைச் சொல்லாற் குறிக்கப்படத்தக்க ஓர் இடர்.

மாவட்டச் செயலகம் நுவரெலியாவில். பெரிய வைத்தியசாலை நுவரெலியாவில். மரக்கறிச் சந்தையும் அங்கேயே. புகையிரதத்தை நம்பினால் நானுஓயாவில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். அப்புகையிரதங்களோ நாளொன்றுக்குச் சிலவே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகள் மலைநாட்டின் வீதிகளையும் இருப்புப் பாதையையும் ஒருசேரத் துண்டித்தபோது, இம்மக்கள் எத்துணை மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தனர் என்பதை நாடு கண்டது. நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் சென்ற கதைகள் தோட்டந்தோறும் உண்டு. இத்தகைய இடத்தில் மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளெனக் கூறுபவர் அங்கு ஒரு மழைக்கால மாலையைக் கழித்தவராக இருக்க முடியாது. நாட்டிற் பதிவுபெற்ற வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. ஏழையின் வாகனம் அது. நகரத்துக் கடையில் வேலை செய்யும் இளைஞன் கொழும்பிற் சென்று அடைந்து கிடக்காமல் இரவிற் பெற்றோரிடம் திரும்பி வர வழியொன்று உண்டெனில், அது பெரும்பாலும் இவ்விரு சக்கரங்களின் மீதே அமைகிறது.

அவ்விளைஞன் பயிலுநர் அனுமதிப்பத்திரம் பெற விழைகிறான் என்க. முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ். பின்னர் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும். தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவாறும் மற்றொன்றில் வேறொருவாறும் எழுதப்பட்டிருத்தல் தோட்டப்புறத்தில் அரிதன்று. தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் காதுக்குக் கேட்டவாறு எழுதிய எழுதுவினைஞர்கள் மூன்று தலைமுறைக்கு வேண்டிய வேலையை வைத்துச் சென்றுள்ளனர். வீட்டிலக்கமும் வீதிப் பெயருமற்ற லயத்து முகவரி இன்னொரு தடை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எப்போது கைக்குக் கிட்டுமோ அப்போது கிட்டும். இவற்றைக் கடந்து எழுத்துப் பரீட்சை. அதன் பின் அனுமதிப்பத்திரம். சில மாதங்களின் பின் செய்முறைப் பரீட்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், சிலவற்றுக்கு இரு நாள். அலுவலகத்தின் நாட்காட்டியில் அவை வெறும் நாட்கள். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது அது பெரும் வெற்றியெனக் கொண்டாடப்பட்டதை நினைவிற் கொண்டால், அலைச்சலின் ஒவ்வொரு நாளும் அக்குடும்பத்துக்கு என்னவென்பது விளங்கும். பஸ் கட்டணம் அதற்குப் புறம்பு.

அனுமதிப்பத்திரம் என்ற சொல்லே இம்மக்களின் செவிக்கு இனியதன்று. அதற்குக் காரணம் உண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பிய தொழிலாளி, கடனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவான் எனத் துரை எழுதிக் கொடுத்த 'துண்டு' இல்லாமல் நகர முடியாதிருந்த காலமொன்று இருந்தது. அத்துண்டு முறை 1921இற் சட்டத்தால் தடைசெய்யப்படும் வரை, கங்காணியின் கடனும் துரையின் கையெழுத்தும் ஒரு மனிதனின் கால்களுக்கு விலங்காயின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாட்டிலிருந்தே அந்நியராக்கிற்று. மூன்றாண்டுகளின் பின், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறியது. வீதியில் யார் எதனைச் செலுத்தலாம் எனச் சட்டம் வகுக்கப்பட்ட அவ்வேளையில், மலைநாட்டு வீதிகளைத் தம் உழைப்பால் வெட்டியோரின் பிள்ளைகள் அந்நாட்டின் பிரசைகளாகவே கணிக்கப்படவில்லை.

வீதி என்பது தோட்டத்திற் பொதுச் சொத்தைக் குறித்ததுமில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்கான வேலைகளிற் பிரதேச சபைகள் தாமாகப் பணம் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அவ்விதி திருத்தப்பட்டது 2018ஆம் ஆண்டிலேதான். வாக்குப் பெற்ற பின்னும் முப்பது ஆண்டுகள், தாம் தெரிவுசெய்த சபை தம் வாசலுக்குச் செல்லும் பாதையிற் கல் பதிக்க இயலாத நிலையில் இம்மக்கள் வாழ்ந்தனர். ஆகவே அரசு தரும் எப்பத்திரத்தையும் ஐயத்தோடு நோக்கும் மனப்பான்மை ஒன்று இங்கு வேரூன்றியிருப்பின் அதனைப் பழிப்பதற்கில்லை.

எனினும் இவ்வரலாற்றை ஒரு சாட்டாகக் கொள்ளும் வாதத்தை மறுத்தேயாக வேண்டும். 'எங்கள் பையன்கள் பன்னிரண்டு வயதிலேயே தோட்டத்துப் பாதையில் ஓட்டப் பழகிவிடுகிறார்கள், இவர்களுக்கு எதற்குப் பத்திரமும் பரீட்சையும்?' என்று பெருமையோடு கேட்போர் உளர். தொழிற்சங்க மேடைகளிற் பேசத் தெரிந்தோரும் இதனைக் கூறுவதுண்டு. துண்டு முறை ஒருவனை நகரவிடாது தடுத்தது. பயிலுநர் பத்திரமோ அவனை நகரவிடுவதற்கு ஏற்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் காண்பது வரலாற்றையும் அறியாமை, வீதியையும் அறியாமை. பன்னிரண்டு வயதிற் பழகியவன் எதனைப் பழகினான்? இயந்திரத்தைக் கிளப்பவும், கியரை மாற்றவும், விழாமல் இருக்கவும் பழகினான். எதிரே வரும் லொறியின் சாரதி என்ன செய்வான் என ஊகிக்கப் பழகவில்லை. இருபது தடவை விழாமல் வந்தவன் இருபத்தோராவது தடவையும் விழமாட்டான் என்பது கணிதமுமன்று, அனுபவமுமன்று. இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் இறப்போர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பெரிய பிரிவினர் மோட்டார் சைக்கிளிற் சென்றோரே. இவர்களுட் பலர் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர்கள்தாம்.

இனி மறுசாராரிடம் வருவோர்க்கு, பரீட்சை எதனைச் சோதிக்கிறது என்பது முதல் வினாவாதல் வேண்டும். எழுத்துப் பரீட்சையில் நாற்பது வினாக்கள், தமிழிலும் எழுதலாம். இதனை மறைத்து வாதாடுவது நேர்மையாகாது. வீதிச் சமிக்ஞைகளையும் விதிகளையும் ஒருவர் படித்திருத்தல் நன்றே. செய்முறைப் பரீட்சையில் மோட்டார் சைக்கிளுக்கு உரிய பெயர்பெற்ற சோதனை, எட்டு என்னும் இலக்கத்தின் வடிவிற் கால் ஊன்றாது ஓட்டுவதாகும். தமிழ்நாட்டிலும் இதுவே வழக்கு. அங்கு 'எட்டுப் போட்டாயிற்றா?' என்பது உரிமம் பெற்றாயிற்றா என்பதற்கு மாற்றுச் சொல்லாகவே ஆகிவிட்டது. எட்டுப் போடுவது பயனற்ற வித்தையன்று. மெதுவாகச் செல்கையிற் சமநிலை காப்பதையும், கிளச்சை மெல்ல விடுவதையும், திருப்பத்திற் பார்வையை முன்னே செலுத்துவதையும் அது காட்டுகிறது. ஆனால் எட்டு எப்போதும் சமதரையிலேயே வரையப்படுகிறது. அதில் ஏற்றமில்லை, இறக்கமில்லை, மழையில்லை, மூடுபனியில்லை, மூன்றாங் கியருக்கு மேல் வேலையில்லை.

மலை கேட்கும் வினாக்கள் வேறு. ஆறாயிரம் அடிக்கு மேற் காற்றழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதன் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. ஆதலால் இயந்திரத்தின் வலுவிலும் ஏறத்தாழ ஐந்திலொன்று குறைகிறது. காபரேற்றர் பொருத்திய பழைய வண்டியில் எரிபொருட் கலவையும் கெடுகிறது. பின்னால் ஒருவரையும் ஒரு மூட்டை லீக்ஸையும் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் நிற்க நேர்ந்தவன், பிறேக்கை விட்டுக் கிளச்சைப் பிடிக்கும் அந்த ஒரு கணத்திற் பின்னோக்கி உருள்கிறான். எந்தப் பரீட்சைத் திடலும் அவனை அதற்கு ஆயத்தஞ் செய்யவில்லை.

இறக்கம் அதனினும் கொடிது. வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேற் சாய்கிறது; பின்சக்கரம் இலேசாகிறது. பழக்கமற்றவன் அச்சத்திற் பின்பிறேக்கை மிதிக்கிறான். இலேசான சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. அல்லது முன்பிறேக்கைத் திருப்பத்தின் நடுவில் இறுகப் பிடிக்கிறான். விளைவை எழுத வேண்டியதில்லை. தொடர்ந்து பிறேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறி வலுவிழக்கும். ஆகவே தாழ்ந்த கியரிலிட்டு இயந்திரத்தின் இழுவையாலேயே வேகத்தைக் கட்டி, பிறேக்கைத் துணைக்கு மட்டும் கொள்வதே மலையிறக்கத்தின் முதற்பாடம். எந்த லொறிச் சாரதியும் அறிந்த பாடம் இது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிகள் தம் உதவியாளருக்குச் சொல்லிக் கொடுப்பர். மோட்டார் சைக்கிள் பயிலும் இளைஞனுக்கு அதனைச் சொல்ல எவருக்கும் கடமையில்லை.

மாறாக அவன் கற்றுக்கொள்வது நேரெதிரான வழக்கத்தையே. எரிபொருளை மீதப்படுத்த இயந்திரத்தை நியூட்றலில் விட்டு, சிலர் முற்றாக அணைத்துவிட்டும், மைல்கணக்கில் உருண்டு வருகின்றனர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா வரை சென்றது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று பங்கீடு வந்தது. அப்போது இவ்வழக்கம் சிக்கனம் என்னும் மரியாதையையும் பெற்றுக்கொண்டது. நெருக்கடி தணிந்த பின்னரும் கையும் காலும் அதனை மறக்கவில்லை. நியூட்றலில் உருளும் வண்டிக்கு இயந்திரத்தின் பிடியில்லை. இருப்பது பிறேக் ஒன்றே. அதன் மேல் மழை, சேறு பூசிய மரக்கறி லொறிகள் விட்டுச் சென்ற வழுக்கல், பைன் மரத்தின் ஊசியிலைகள், பிற்பகலிலேயே கவியும் மூடுபனி. இவற்றுள் ஒன்றேனும் எட்டின் வளைவுகளில் இல்லை.

பெரிய வாகனங்களைச் செலுத்தும் தொழில்முறைச் சாரதிகளையே இம்மலை விழுத்தியிருக்கிறது. 2023 ஜனவரி 20ஆந் திகதி நானுஓயா ரதல்லைக் குறுக்குப் பாதையின் இறக்கத்திற் பஸ்ஸொன்று வானொன்றையும் முச்சக்கர வண்டியொன்றையும் மோதியதில் ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11ஆந் திகதி கொத்மலைப் பகுதியின் கெரண்டி எல்லவிற் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்திகள் நாட்டை உலுக்கின. விசாரணைகள் பற்றிப் பேசப்பட்டது. மோட்டார் சைக்கிளிற் செல்பவன் தனியே வீழ்கிறான். தனியே வீழ்வது தலைப்புச் செய்தியாவதில்லை. பல ஆண்டுகள் அனுபவமுள்ளவர்க்கே மலையிறக்கம் தனிப்பயிற்சியை வேண்டுகிறதெனில், பத்திரம் கிடைத்த மறுநாள் வீதிக்கு வருபவனுக்கு அது வேண்டாமென்பது எந்த நியாயம்?

இம்முறை பிரித்தானியரிடமிருந்து வந்தது என்பதால் அவர்களிடமே சென்று கேட்பது பொருத்தம். 1903இல் அங்கு சாரதி உரிமம் ஐந்து சிலிங் கொடுத்தால் எந்தப் பரீட்சையுமின்றிக் கிடைத்தது. சாவுகள் பெருகிய பின் 1935இற் பரீட்சையும் 'எல்' தகடும் கட்டாயமாயின. ஆயினும் தற்காலிக உரிமம் பெற்ற புதியவர் எத்துணை வலுவுள்ள மோட்டார் சைக்கிளையும் ஓட்டலாம் என்ற நிலை நீடித்தது. 1961இல் அது 250 கனசென்ரிமீற்றராகவும், 1983இல் 125 ஆகவும் மட்டுப்படுத்தப்பட்டது. அதுவும் போதாதெனக் கண்டு, 1990 டிசெம்பரிலிருந்து புதியவர் எவரும் அடிப்படைப் பயிற்சி பெறாது வீதிக்கு வரலாகாதென விதித்தனர். முதலில் வீதிக்குப் புறம்பான திடலிற் பயிற்சி; பின்னர் பயிற்றுநர் உடன் வர வீதியிற் குறைந்தது இரண்டு மணிநேரம்; அதன் பின்னரே 'எல்' தகட்டோடு தனித்துச் செல்லலாம். பத்திரத்தை முதலிற் கொடுத்துப் பயிற்சியை விதியின் கையில் விட்டது தவறென்பதை உணர அவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவர்கள் கைவிட்ட பாதியை இலங்கையும் இந்தியாவும் காத்து வருகின்றன. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் சட்டப்படி பயிலுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தபின் பரீட்சைக்குத் தோற்றலாம். அம்முப்பது நாளில் என்ன கற்க வேண்டும், யார் கற்பிக்க வேண்டும் என்பது இருசக்கர வண்டிக்காரனின் சொந்தப் பொறுப்பு. இலங்கையிலோ நூறு கனசென்ரிமீற்றர் வரை ஏ1 என்றும் அதற்கு மேல் ஏ என்றும் இரு வகுப்புகளே. நூற்றுப்பத்தும் நானூறும் ஒரே வகுப்பில் அடங்கும்.

சாரதி பயிற்சிப் பாடசாலைகள் உள்ளனவே என்பர். உள்ளன. இலங்கைப் பேச்சு வழக்கில் அவற்றுக்கு 'லேர்னர்ஸ்' என்று பெயர்; கற்பிப்போரின் இடத்துக்குக் கற்போரின் பெயரை வைத்த உலகத்தின் ஒரே தொழில் இதுவாகவே இருக்கும். நகரங்களில் இயங்கும் அவை காருக்கு மணிக்கணக்கிற் பயிற்சி தருகின்றன. மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் அதனோடு சேர்த்துக் கட்டிய ஓர் இணைப்பு மட்டுமே. பரீட்சைக்கு முன் எட்டைச் சிலமுறை சுற்ற வைப்பதோடு கடமை முடிகிறது. பாடசாலைக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைத்தான் எந்த ரியூசன் வகுப்பும் கற்பிக்கும். இவ்வுண்மையைப் பல்கலைக்கழகத்தினர்க்கு விளக்க வேண்டிய தேவையில்லை.

மொழி பற்றியும் ஒரு சொல். 1999ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தலால் நுவரெலியா உள்ளிட்ட மலைநாட்டுப் பிரதேச செயலகப் பிரிவுகள் சில சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகளாக உள்ள இருமொழிப் பிரிவுகளாயின. எழுத்துப் பரீட்சைத் தாளிற் தமிழ் இருப்பது அதற்கும் முந்திய அரசியலமைப்பு உரிமையின் பயன். ஆனால் கற்பித்தல் தாளில் நிகழ்வதன்று. 'இப்போது கியரைக் குறை, பிறேக்கை விடு, வெளிப்பக்கம் பார்' என்று ஒரு நொடிக்குள் சொல்லப்படுவதை ஒரு நொடிக்குள் விளங்கிக்கொள்ள வேண்டும். அரைகுறையாகப் புரிந்த மொழியில் அந்நொடி கடந்துவிடுகிறது. அலுவலகப் படிவத்தில் மொழியுரிமை மறுக்கப்பட்டால் மறுநாள் திரும்பி வரலாம். திருப்பத்தில் அவ்வசதி இல்லை.

இக்காகித மனப்பான்மையால் மிகப் பெரிய இழப்புக்கு உள்ளாவோர் பெண்களே. யாழ்ப்பாணத்திற் பெண்கள் ஸ்கூட்டரில் அலுவலகம் செல்வது எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. மலைநாட்டில் பாலர் பாடசாலை ஆசிரியையும், தாதியும், சுகாதார உதவியாளரும் பஸ்ஸுக்காக மணிக்கணக்கிற் காத்து நிற்கின்றனர். ஆண்பிள்ளை அண்ணனிடமோ அயலானிடமோ திருட்டுத்தனமாகப் பழகிக்கொள்வான். பெண்பிள்ளைக்கு அவ்வழி அடைபட்டது. முறையான பயிற்சி ஒன்று இருந்தால் மட்டுமே அவள் ஓட்டக் கற்பாள். ஆகவே பயிற்சியின்மை ஆணை ஆபத்தில் விடுகிறது. பெண்ணை வீட்டில் விடுகிறது. 'பெண்ணுக்கு எதற்கு' என்று கேட்கும் தந்தையிடம், அதிகாலையில் கொழுந்துக் கூடையோடு செங்குத்து மலையேறும் தாய்க்கு இல்லாத அச்சம் மகளுக்கு எங்கிருந்து வந்ததெனக் கேட்க வேண்டும்.

பயிற்சிக்குப் பணம் எங்கே என்பது கடைசி ஆட்சேபம். இதனை எழுப்புவோர் அரசிறைச் செலவினத்தின் வரலாற்றை மறந்தவர்கள். ஒரு காலத்தில் பல்கலைக்கழக வட்டாரங்களில் 'பேர்மிற்' என்ற சொல் தீர்வைச் சலுகையிற் கார் இறக்குமதி செய்யும் உரிமையையே குறித்தது. அதற்காக அரசு விட்டுக்கொடுத்த வரி சிறுதொகையன்று. விரிவுரையாளரின் பேர்மிற்றுக்கு இருந்த இடம் தோட்டத்து இளைஞனின் பேர்மிற்றுக்கு இல்லாமற் போவது வளப்பற்றாக்குறையன்று, முன்னுரிமையின் பிரச்சினை. மேலும், இங்கு கேட்கப்படுவது பெருந்தொகையும் அன்று. தோட்டப் பாடசாலைகளுக்கு விளையாட்டுத் திடல்கள் உண்டு. விடுமுறை நாட்களில் அவை வெறுமையாக உள்ளன. பிரதேச சபைகளுக்கு 2018ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் தோட்டங்களுக்குச் செலவிடும் அதிகாரம் உண்டு. தமிழறிந்த, மலையில் ஓட்டி முதிர்ந்த சாரதிகள் ஒவ்வொரு பிரிவிலும் உள்ளனர். பயிற்றுநருக்கான தகுதியை அவர்கள் பெறுவதற்கு வழி திறந்துவிடுவது திணைக்களத்தின் வேலை. ஒவ்வொரு பிரதேச சபைக்கும் சிறுவலு வண்டிகள் இரண்டு, தலைக்கவசங்கள் சில, வார இறுதியில் ஒரு நாள். மருத்துவச் சான்றிதழும் எழுத்துப் பரீட்சையும் நடமாடும் சேவையாகத் தோட்டப்புறங்களுக்கே வருமாயின், இழக்கும் நாட்சம்பளமும் பாதியாகும். பெருந்தோட்டக் கம்பனிகள் தம் தொழிலாளரின் பிள்ளைகள் வீதியில் மாளாதிருக்க ஒரு திடலைக் கூடத் தரமாட்டா எனின், அதனை அவை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதிற் பங்குண்டு. சம்பளப் பேச்சுவார்த்தையின் பட்டியலில் இடம்பெறாத எதனையும் உரிமையென ஏற்காத பழக்கம் அவற்றுக்கு நெடுங்காலமாக உண்டு. இளைஞர் தோட்டத்தை விட்டு நகருக்குச் செல்கின்றனர் என அவை வருந்துகின்றன. தோட்டத்தில் வாழ்ந்துகொண்டு நகரில் உழைப்பதற்கு அவ்விளைஞனுக்கு வேண்டியது ஒரு வண்டியும் அதனைப் பாதுகாப்பாக ஓட்டும் அறிவுமே என்பதை எந்த மேதின மேடையும் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

பரீட்சையை மாற்றுவதும் அரியதன்று. நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களிற் தோற்றுவோருக்கு எட்டோடு வேறு மூன்றையும் சேர்த்தாற் போதும். ஏற்றத்தில் நிறுத்திப் பின்னோக்கி உருளாது மீண்டும் புறப்படுதல். தாழ்ந்த கியரில், நியூட்றலுக்குச் செல்லாது, குறித்த தூரம் இறங்குதல். நனைந்த தரையில் இரு பிறேக்குகளையும் அளவோடு பிடித்து நிற்றல். பரீட்சகர் இவற்றைத் தேர்வாளரின் மொழியிலேயே கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கத் தொடங்கிய மறுமாதமே எல்லா லேர்னர்ஸ்களும் இவற்றைக் கற்பிக்கத் தொடங்கிவிடும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். சரிவான வீதி ஒன்று போதும், அது மலைநாட்டிற் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பொருளன்று. ஒரு தேர்வாளருக்குக் கால் மணிநேரம் கூடுதலாகச் செல்லும்.